கதவின் வெளிப்பக்கம்

தச்சர் கதவை உதைத்தார்.

பெரிதாக ஒன்றும் இல்லை. கீல்களுக்கு எண்ணெய் விட்டு, இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்து, "இனிமே முனகாது மேடம்" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர், போகிற போக்கில் அடிப்பலகையில் காலால் ஒன்று கொடுத்தார். நடையைக்கூடத் தளர்த்தவில்லை. சுவருக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து ஆணி அடிக்கிற மனிதர் அவர். கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அவள் தலை நிமிர்ந்தபோது, மண்டபத்தின் கறுப்புத் திரைக்கு அப்பால் அவருடைய முதுகு மறைந்துகொண்டிருந்தது. கதவில் செருப்புத் தூசி பிறை வடிவில் அப்பியிருந்தது. கூப்பிட்டுக் கேட்கலாம். என்னவென்று கேட்பது? துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அந்தக் கதவை வெறுங்கையால் தொடவே கூடாது என்பது விதி. மியூசியத்தின் பழம்பொருட்களைச் சுத்தம் செய்து பாதுகாக்கும் காப்பாளர், அதன் பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முகம் சுளிப்பார். நூறு வருடங்களுக்கும் மேலாக அது கட்டடத்தின் அடித்தளத்தில், நீளமான ஒரு இரும்புத் தட்டில் படுத்துக் கிடந்தது. எங்கோ ஒரு மலையூரை ஒரு படை சூறையாடியபோது, ஊர்க்காரர்கள் தானியக் கிடங்குக்குள் பதுங்கிக்கொண்டார்கள். அந்தக் கிடங்கின் கதவு அது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. படைத்தலைவனுக்குக் கதவு பிடித்துப்போயிற்று, கழற்றிக் கொண்டுவந்துவிட்டான். காட்டில் ஒளிந்து தப்பியவர்களின் வாரிசுகள் இரண்டு தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு, மியூசியம் மறுத்து மறுத்து, கடைசியில் திருப்பிக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. கொடுப்பதற்கு முன் ஒரு கண்காட்சி. இது இங்கே எப்படி வந்தது என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டு அனுப்பிவைப்போம் என்றார் இயக்குநர். அதற்குத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவளுடைய தொழில் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்து, பக்கத்தில் நாலு வரி எழுதி ஒட்டுகிற வேலை அல்ல. பார்க்க வருகிறவர்களைச் சம்பவத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். வெள்ளம் வந்த ஊரைக் கட்டியிருக்கிறாள், இடிந்த சுரங்கத்தைக் கட்டியிருக்கிறாள். வெளியே வந்தவர்கள் மூச்சு வாங்கக் கைக்குட்டையைத் தேடியிருக்கிறார்கள். ஒலி அமைப்புக்கு அவள் தம்பி. அம்மா போனபிறகு அவனை வளர்த்ததும் அவள்தான், வேலைக்கு இழுத்துக்கொண்டதும் அவள்தான். இந்த முறை அவள் யோசனை ரொம்ப எளிமையானது. பலகையாகக் கிடக்கும் கதவைத் தூக்கி நிறுத்துவது. ஒரு நிலையில் மாட்டி, சாத்துவது. வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிப்பக்கம், பாதிப் பேர் உள்பக்கம். உள்ளே இருட்டு. வெளியிலிருந்து கதவை இடிக்கிற சத்தம். சத்தம் ஓய்ந்ததும் கதவு திறக்கும், இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கம் தேவையில்லை என்று அவள் சொன்னபோது இயக்குநர் கண் கலங்கிப்போனார்.

தச்சரை மறந்திருப்பாள். ஆனால் மறுநாள் தரை துடைக்க வந்த அம்மாள், துடைப்பக் கட்டையின் பின்முனையால் கதவை இடித்துவிட்டுப் போனாள். மின்வயர் இழுக்க வந்தவன் தோளால் ஒரு முட்டு. இயக்குநர் வெளிப்பக்கம் நின்று அழைப்பிதழைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். பேசப் பேச அவருடைய மோதிர விரல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. முதலில் தாளம் போலத்தான். பேச்சு முடியும் தறுவாயில் அந்தத் தட்டல் வேகம் பிடித்து, கட்டைவிரலும் சேர்ந்து, கடைசியில் உள்ளங்கை முழுக்க விழுந்தபோது, "மேடம், கதவு" என்றாள் அவள். இயக்குநர் தன் கையை யாருடையதோ என்பது போலப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

உள்பக்கம் வேறுமாதிரி. உள்சுவருக்குக் கறுப்பு அடிக்க வந்த இரண்டு பேர் காலையில் சினிமாப் பாட்டைச் சத்தமாகப் பாடிக்கொண்டு நுழைந்தார்கள். கதவு சாத்தியிருந்த கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. அவள் எட்டிப் பார்த்தபோது இருவரும் சுவரோரமாகக் குந்தியிருந்தார்கள். தூரிகையைக்கூடச் சத்தமில்லாமல் இழுத்தார்கள். ஒருவன் வாட்டர் பாட்டிலைத் திறந்து, மூடியின் கிறீச்சுக்கே பயந்தவன் போல நிறுத்தி, குடிக்காமலே கீழே வைத்தான். புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் வேறொன்று மணத்தது. ரொம்ப நேரம் பூட்டிய பஸ்ஸுக்குள் கூட்டமாக நின்றவர்களின் வேர்வை மாதிரி. இருந்தது இரண்டு பேர்தான்.

அந்த மலையூர்க்காரர்கள் சார்பாகப் பொருட்களைப் பார்வையிட ஒரு பெண் வந்தார். பல் டாக்டர். ஐம்பது வயதிருக்கும், நரைத்த கிராப், கையில் பெரிய தோள்பை. கதவு நிற்பதைத் திரைக்கு அப்பாலிருந்தே பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு வெளிப்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் உள்பக்கம் வந்தார். இடுப்பு உயரத்திலிருந்து முக உயரம் வரை பலகையில் சின்னச் சின்ன வளைந்த பள்ளங்கள். மியூசியத்தின் குறிப்பில் அது அலங்கார வேலைப்பாடு. டாக்டர் தோள்பையிலிருந்து பேனா அளவு டார்ச்சை எடுத்து, சாய்வாகப் பிடித்து, குனிந்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இது வேலைப்பாடு இல்லைங்க. பல்லு."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

"மேல் முன்பல்லு. இது கீழ் வரிசை. இங்க தாழ்வா இருக்கே, இது பால்பல்லு." நோயாளியின் வாய்க்குள் பார்த்துச் சொல்கிற அதே சாதாரணக் குரல். பின்னாலிருந்து கூட்டம் நெருக்க நெருக்க, முன்னால் நின்றவர்களின் முகம் பலகையில் அழுந்தி, வாய் பிளந்து, பல் இறங்கியிருக்கிறது என்றார். கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பிடித்தும் நிறுத்தியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் விழுந்த கோடரி வெட்டு ஒன்றுகூட முழுதாக உள்ளே வரவில்லையே, அதைக் கவனித்தீர்களா என்று கேட்டார். அவள் கவனித்திருக்கவில்லை.

"அப்புறம் எப்படி உள்ளே வந்தாங்க?"

"திறந்துவிட்டாங்க. யார் திறந்தாங்கன்னு தெரியாது. வெளியிலேருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருன்னு தெரியும். அவர் எங்க வீட்டு ஆள். அதனாலதான் நாங்கள்லாம் இன்னிக்கு இருக்கோம்." டார்ச்சை அணைத்தார். "வீட்ல அதைப் பேசமாட்டாங்க."

கிளம்பும்போது ஒரே ஒரு விஷயம் கேட்டார். கதவைத் திறந்தே வையுங்கள், சாத்தாதீர்கள். படுக்க வைத்திருந்தவரை அது பலகை. நிறுத்திச் சாத்தினால் கதவு. அவள் பார்க்கலாம் என்றாள். மூடிய கதவு இல்லாவிட்டால் அந்த அறையே இல்லை, அத்தனை மாத உழைப்பும் இல்லை. டாக்டருக்கு அந்தப் 'பார்க்கலாம்' விளங்கிவிட்டது. "நானும் ஊசியைக் கையில வச்சுக்கிட்டு 'வலிக்காது'ன்னுதான் சொல்லுவேன்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒலி சோதனை அன்று அவள் உள்ளே தனியாக இருந்தாள். கையில் வாக்கி-டாக்கி. கதவைச் சாத்தி, அதன் குறுக்குக் கட்டையை இரண்டு இரும்புக் கொக்கிகளில் இறக்கியிருந்தாள்; அடிமரத்துத் துண்டு, தூக்கி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. விளக்கு அணைந்தது. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. பிறகு தட்டல். மரியாதையான தட்டல், பக்கத்து வீட்டுக்காரர் தட்டுவது போல. அது மெல்ல மெல்லக் கனத்து, முஷ்டியாகி, மரத்தின் அதிர்வு அவள் பாதங்களில் ஏறி, முழங்காலில் ஏறி, பின்பற்களில் வந்து நின்றது. அற்புதமாக வந்திருக்கிறது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே, தான் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதையும், மூச்சை வாயால் விடுவதையும் கவனித்தாள். "நல்லா வந்திருக்குடா, போதும் நிறுத்து" என்று வாக்கி-டாக்கியில் ரகசியம் போலச் சொன்னாள். பதில் இல்லை. நிற்கவும் இல்லை. ரொம்ப நேரம்.

ஓய்ந்தபின் கட்டையை எடுத்துத் திறந்தாள். தம்பி கதவுக்கு முன்னால், மூக்கு இடிக்கும் நெருக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. விரல் முட்டிகள் கிழிந்து, ரத்தம் நகக்கண் வரை ஓடி, சொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் மறுகோடியில் அவன் மேஜையில் கம்ப்யூட்டர் திரை அணைந்திருந்தது.

"ஸ்பீக்கர்ல போடலையா?"

"இனிமேதான்க்கா போடணும்" என்றான். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துக் கைகளைத் தூக்கிப் பார்த்தான். "எங்கயோ பட்டுடுச்சு போல. வலிக்கவே இல்ல பாரேன்." சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டு வந்து காட்டுவானே, அதே முகம். பஞ்சு வைத்துக் கட்டிவிட்டாள். கட்டும்போது அவன் கண் அவள் தோளுக்கு மேலாகக் கதவிடமே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை யாரும் வருவதற்கு முன் அவள் வந்தாள். கதவை உள்ளே யாருமில்லாமல் வெறுமனே சாத்திவிட்டு வெளிப்பக்கம் நின்றாள். என்னதான் என்று பார்த்துவிட வேண்டும். குளிர்சாதனக் காற்றின் சீறல். மரத்தூள் வாசனை. முதலில் ஒன்றும் இல்லை. சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு சின்ன எரிச்சல். சாத்தியிருக்கிறது. எதற்குச் சாத்தியிருக்கிறது? உள்ளே ஒன்றும் இல்லை, அவளே கட்டிய அறை, நாலு கறுப்புச் சுவர். இருந்தும் உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அவளுக்குச் சேரவேண்டிய எதையோ மடியில் வைத்துக்கொண்டு, அவள் போய்விடுவாள் என்று காத்துக்கொண்டு. எவ்வளவு திமிர். வயிற்றிலிருந்து சூடு கிளம்பி மார்புக்கு ஏறியது, நாக்கில் இரும்பு ருசித்தது, அது வெறுப்புதான், ஆனால் வெறுப்பு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "திறங்க" என்றாள், ரொம்பப் பணிவாக.

அதற்குப் பிறகு நடந்தது நினைவில்லை. நெற்றி மரத்தில் ஒட்டியிருந்தது. வலக்கை தலைக்கு மேல் ஓங்கியிருந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர். அது கிடந்த மேஜை மண்டபத்தின் மறுகோடியில் இருக்கிறது. எப்போது போய் எடுத்துவந்தாள்?

ஓடினாள். கழிவறையில் முகத்தைக் கழுவிக் கழுவி, கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்து, நேராக இயக்குநரிடம் போனாள். கதவைச் சாத்த வேண்டாம், வடிவமைப்பை மாற்றிவிடலாம், எனக்கு ஒரு நாள் கொடுங்கள் என்றாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முன்காட்சி, நன்கொடையாளர்கள் வருகிறார்கள், ஊழியர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், இப்போதுபோய் இப்படிச் சொன்னால் எப்படி என்று இயக்குநர் வாஞ்சையோடு கடிந்துகொண்டார். கல்யாணப் பெண்ணுக்கு வருகிற மாதிரி கடைசி நேரப் படபடப்பு உனக்கு என்றார். பேசும்போது விரல் மேஜையைத் தட்டியது. கதவையே கழற்றிவிடலாம் என்று தச்சரைத் தேடினாள், வேறு இடத்தில் இருந்தார், சாயங்காலம் வருகிறேன் என்றார் போனில். குறுக்குக் கட்டையையாவது மண்டபத்தை விட்டு வெளியே கொண்டுபோய்விடலாம் என்று இழுத்தாள். காப்பாளர் ஓடிவந்தார். அது பொருளின் ஒரு பகுதி, இடம் மாற்ற நாலு பேர் அனுமதி வேண்டும். கடைசியில் அதை உள்ளே சுவரோரம் தரையில் கிடத்த மட்டும் அவர் ஒப்புக்கொண்டார். சரி, தாழில்லாத கதவு. சத்தம் அதிகமானால் உடனே திறந்துவிடலாம். தானே உள்ளே இருந்து பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

தம்பியின் மேஜை வெளிப்பக்கம் இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

எல்லோரும் நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள். வாசலில் ஒரு தட்டில் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெல்வெட் கயிறு கட்டிய இரும்புக் கம்பங்களுக்கு நடுவே இரண்டு வரிசை. இயக்குநரின் கணவர், தடித்த கண்ணாடி போட்ட சாது மனிதர், "வீட்ல எப்பவும் என்னை வெளியில நிறுத்திடுவா. இங்கயாவது உள்ளே போறேன்" என்று சொல்லி உள்வரிசையில் நின்றார், எல்லோரும் சிரித்தார்கள், இயக்குநரும். காப்பாளர் வெளிவரிசை, அவருடைய மகள், கல்லூரிப் பெண், உள்வரிசை. தரை துடைக்கிற அம்மாள் தங்கையோடு வந்திருந்தாள். பல் டாக்டர் கடைசியாக வந்தார். கதவு சாத்துவதற்குத் தயாராக நிற்பதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்வரிசையில் சேர்ந்துகொண்டார். உள்வரிசையோடு அவளும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

விளக்கு அணைந்தது.

பதிவுசெய்த சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். குதிரைகள், ஓடுகிற கால்கள், தட்டல், கோடரி. அதன் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் மனப்பாடம். இருட்டில் பக்கத்துத் தோள்கள் அவள் தோளை உரசின. யாரோ நெளிந்தார்கள், யாரோ லேசாகச் சிரித்து நிறுத்தினார்கள். கோடரி ஓய்ந்தது. இனி மௌனம், பிறகு விடியல் போல மெல்லிய வெளிச்சம் வந்து கதவு திறக்க வேண்டும்.

வெளிச்சம் வரவில்லை. தட்டல் கேட்டது.

ஒரு கை. இரண்டு. பிறகு பல கைகள், ஒழுங்கில்லாமல், மழை வலுப்பது போல. உள்ளே இருந்தவர்கள் இதுவும் காட்சியின் பகுதி என்று நினைத்திருக்க வேண்டும், நின்று கேட்டார்கள். முதல் கம்பம் கதவில் விழுந்தபோது அவளுக்கு மட்டும் புரிந்தது. வரிசைக் கம்பம். அடியில் தட்டு போல வார்ப்பிரும்பு. அதைத் தலைகீழாகப் பிடித்து இடிக்கிறார்கள். தாழில்லாத கதவு உள்ளே எகிற, முன்னால் நின்றவர்கள் கை கொடுத்துத் தள்ளி மூடினார்கள். தூசி கொட்டி நாசியில் ஏறியது. "தம்பி, லைட்டைப் போடு" என்றாள் வாக்கி-டாக்கியில். "நிறுத்தச் சொல்லு எல்லாரையும்." கரகரப்பு. அதில் மூச்சு வாங்கும் சத்தம்.

பின்பக்கம் அவசர வழி ஒன்று உண்டு. தடவிக்கொண்டே போய்த் தள்ளினாள். ஒரு விரல் நுழையும் அளவு திறந்து நின்றது. பொருட்களைத் திருப்பி அனுப்புவதற்காக வந்த மரப்பெட்டிகளை அந்த நடையில் அடுக்கியிருந்தார்கள். தோளால் மோதினாள். அசையவில்லை. இயக்குநரின் கணவர் வந்து அவளோடு மோதினார். அசையவில்லை.

திரும்பியபோது கதவோரம் ஏதோ நகர்ந்தது. மரம் தரையில் உரசியது. பலர் சேர்ந்து எதையோ தூக்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கட்டை கொக்கிகளில் விழுந்தது.

பிறகு எல்லோரும் கதவில் சாய்ந்தார்கள். அவளும். பின்னாலிருந்து நெருக்கினார்கள். முன்னால் இருந்தவர்கள் முனகினார்கள். வந்திருந்தவர்களைவிட அதிகம் பேர் நெருக்குவது போலிருந்தது. வியர்வை. யாருடைய மூச்சோ கழுத்தில். ஒவ்வொரு இடிக்கும் கதவு உள்ளே வந்து, திரும்பப் போயிற்று. காப்பாளரின் மகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டாள். வெளியே அவள் அப்பாவின் குரல் பதில் சொன்னது. சொல்லக்கூடாத வார்த்தை.

எல்லாம் நின்றது.

வாக்கி-டாக்கி கொரகொரத்தது. "அக்கா."

"சொல்லுடா."

"முடிஞ்சிடுச்சுக்கா. எல்லாரும் நார்மலாயிட்டாங்க. திற." உப்பை எடுத்துக் கொடு என்பது போலச் சொன்னான். அவள் கை கட்டையில் இருந்தது. எடுக்கவில்லை. பிறகு வெளியே ஒரு சத்தம், ஈரமான சத்தம். தம்பி வீறிட்டான்.

"அக்கா, என்னை அடிக்கிறாங்கக்கா. நிறுத்தச் சொன்னேன், என்னையே அடிக்கிறாங்க. அக்கா திறக்கா."

மறுபடி அந்தச் சத்தம். மறுபடி. எலும்பில் படுகிற சத்தம் அவளுக்குத் தெரியும்போல இருந்தது. அவன் அழுதான். அம்மா செத்த அன்றைக்கு எப்படி அழுதானோ அப்படி, மூச்சு விடாமல், விக்கி.

அவள் கட்டையைத் தூக்கினாள். இருட்டில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. டாக்டர்.

"திறக்காதீங்க."

"என் தம்பிங்க அது. நிஜமாவே அவன்தான்."

"அவர்தான். சந்தேகமே இல்லை. அதனாலதான் சொல்றேன், திறக்காதீங்க."

அக்கா என்றான் தம்பி.

அவள் வாக்கி-டாக்கியால் டாக்டரின் முகத்தில் அடித்தாள். பிடி தளரவில்லை. மறுபடி அடித்தாள். மூக்கெலும்பு உள்ளே போவது கையில் தெரிந்தது. மறுபடி. பிடி விட்டது. யார் யாரோ தலைமுடியைப் பற்றினார்கள், சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், வேண்டாம்மா வேண்டாம்மா என்றார்கள். தோளைக் கொடுத்து ஏந்தினாள். கட்டை எழுந்தது. கனமே இல்லை.

கதவு திறந்தது.

வெளிச்சம். தம்பி.

மேலே புதிதாக ஒரு கீறல் இல்லை. கன்னத்தில் மட்டும் கண்ணீர் ஈரம். இரண்டு கைகளிலும் கம்பம், தட்டு மேல்பக்கம். அவன் பின்னால் எல்லோரும், நல்ல துணியில், அமைதியாக, கோயில் நடை திறந்ததும் நிற்பவர்கள் போல. அவன் அவளைப் பார்த்தான். பாசமாகத்தான் பார்த்தான். ஒரு கையால் அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு உள்ளே போனான்.

முதல் அடி டாக்டருக்கு. தரையில் கிடந்தவரை எழுந்திருக்க விடவில்லை.

பிறகு எண்ண முடியவில்லை. கம்பங்கள் ஏறின, இறங்கின. யாரும் கத்தவில்லை, வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவரும். வேலை செய்வது போலச் செய்தார்கள். தரை துடைக்கிற அம்மாள் தங்கையின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைச் சுவரில் மோதினாள். ஒரு முறை. சுவரைப் பார்த்தாள். இன்னொரு முறை. இயக்குநரின் கணவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "என்னம்மா, நான்தான், நான்தானே" என்றார். இயக்குநர் அந்தக் கைகளை முதலில் உடைத்தார். காப்பாளரின் மகள் ஓடினாள். அவசர வழிக்கு. விரல் நுழையும் இடைவெளிக்கு. அங்கே அவள் அப்பா அவளை எட்டிப் பிடித்தார்.

கதவோரம் நின்றிருந்த அவளுக்கு இடுப்பில் எதுவோ விழுந்தது. கால்கள் போயின. தரை வந்தது. தலையின் பின்பக்கம் சூடாக ஏதோ பரவிற்று.

அப்புறம் நிசப்தம். அதற்கப்புறம், அவள் அமைத்திருந்தபடியே, விடியல் போல மெல்லிய வெளிச்சம்.

மல்லாந்து கிடந்தாள். கழுத்துக்குக் கீழே உணர்வே இல்லை. கண் மட்டும் அசைந்தது. அவர்கள் கம்பங்களை ஓரமாக, ஒரே வரிசையில் சாத்தி வைத்திருந்தார்கள். மரப்பெட்டிகளை நடையிலிருந்து இழுத்து வரும் சத்தம் கேட்டது. காப்பாளர் மெல்லிய வெள்ளைத் தாள் சுருளோடு வந்து, மகளின் அருகே மண்டியிட்டு, அவள் கைக்கடிகாரத்தின் வாரை, பழைய தோல் கிழிந்துவிடாமல், துளைதுளையாகத் தளர்த்திக் கழற்றினார். தாளில் வைத்தார். நான்கு மூலையும் மடித்தார். கொஞ்சம் தள்ளி இயக்குநர், தன் கணவரின் கண்ணாடியை எடுத்து, ஊதி, சட்டை நுனியால் ரத்தத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னும் ஒருமுறை துடைத்தார். யாரும் அவசரப்படவில்லை. எதையும் கீழே போடவில்லை. ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டார்கள்.

தம்பி அவள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தான். அவள் முகத்தில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினான். தோட்டின் திருகை விரல் நுனியால் பிடித்து, அவளுக்கு வலிக்காதபடி, மெதுவாகச் சுற்றிச் சுற்றி எடுத்தான். ஒரு காது. மறு காது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அம்மாவுடைய தோடு. அவன் கண் நிறைந்தது.

"கவலைப்படாதக்கா" என்றான். "எங்ககிட்ட பத்திரமா இருக்கும்."

அவன் சுருளிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரு கைகளாலும் விரித்து, சுருக்கம் விழாமல் அவள் முகத்தின் மேல் இறக்கினான். எல்லாம் வெள்ளையாயிற்று. தாளுக்கு அந்தப் பக்கம் அவன் நிழல் குனிந்து பார்த்தது. அவள் மூச்சுக்குத் தாள் எழுந்தது, படிந்தது, மறுபடி எழுந்தது. அது அசைவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவன் இரண்டாவது தாளைக் கிழித்தான்.